மரத்தில் எண் இருக்கிறது, நோட்டு ஊரில் இல்லை

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் பாதையை விட்டு விலகி, மண் தடத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு வரும். அது முடியும் இடத்தில் காப்புக்காடு தொடங்குகிறது. எல்லையோரம் நிற்கும் ஆச்சா மரங்கள் பலவற்றில் மார்பளவு உயரத்தில் சிறிய அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். அதில் எண் மட்டும்தான்: 115, 116, 117. அந்தத் தகடுகளை 2017 கோடையில் ஆணி வைத்து அடித்தவள் நான். ஆனால் அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால், பல ஆண்டுகள் என்னிடம் பதில் இல்லை.

தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. காடு எப்படிச் சிதைகிறது, எப்படி மீள்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. மரத்தின் பெயர் தெரிந்த, மேடு பள்ளம் ஏறி இறங்கக்கூடிய ஆள் தேவைப்பட்டது. என் அப்பா பட்டி போட்டு ஆலம்பாடி மாடு மேய்த்தவர். அவர் பின்னால் சுற்றிய பழக்கத்தில் எனக்குக் காடு தெரியும். நாள் கூலிக்குச் சேர்ந்தேன். அந்தக் குழுவில் இருந்த மாணவிதான் எனக்கு நாடா பிடிக்கவும், திட்டு (ஆய்வுக்காகப் பிரித்த சிறு நிலத்துண்டு) அளக்கவும், ஜிபிஎஸ் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். நல்லவர்கள். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. 2018இல் திட்டம் முடிந்தது, நோட்டுகளைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். தகடுகள் மரத்திலேயே இருந்தன.

2021இல் வேறொரு நிறுவனத்திலிருந்து வேறொரு குழு வந்தது. தகட்டைப் பார்த்ததும் அவர்களின் பேராசிரியர் முகம் மலர்ந்தது. "நாலு வருசத்துக்கு முந்தைய அளவு இருக்குதுன்னா, வளர்ச்சி விகிதமே கணக்குப் போடலாமே! அந்தப் பட்டியல் எங்கம்மா?" என்றார். என்னிடம் இல்லை. பழைய நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தோம். மாணவி வேறு எங்கோ போய்விட்டார், கணினி மாறிவிட்டது, யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை என்று பதில் வந்தது. 400க்கு மேற்பட்ட மரங்கள். ஒவ்வொன்றையும் நான் கட்டிப்பிடித்து அளந்திருக்கிறேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தோம். அன்றைக்கு எனக்கு வந்த ஆற்றாமை இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கூட்டு ஆய்வுகளில் ஊருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் நடுவே நின்று வேலை செய்திருக்கிறேன். என்னைப் போல நடுவில் நிற்பவர்களுக்கும், காட்டை மீட்டெடுக்க ஆசையோடு வரும் மாணவர்களுக்கும் இது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நோட்டு. எந்தத் திட்டமாக இருந்தாலும் நான் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: களப் பதிவின் ஒரு படி ஊரில் இருக்க வேண்டும். கார்பன் தாள் வைத்து எழுதுகிறோம். மேல் தாள் அவர்களுக்கு, அடித்தாள் எங்களுக்கு. எங்கள் படி ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கிறது. மரப் பெயர் தமிழில், பக்கத்திலேயே தாவரவியல் பெயர், இரண்டும் இருக்கும். தமிழ்ப் பெயர் மட்டும் எழுதினால் சிக்கல் வரும், ஏனென்றால் இங்கே ஒருவர் உசில் என்பதை அடுத்தவர் துரிஞ்சி என்பார். அஞ்செட்டிப் பக்கம் போனால் கன்னடப் பெயரும் தெலுங்குப் பெயரும் சேர்ந்துகொள்ளும். தாவரவியல் பெயர் மட்டும் இருந்தாலோ, ஊரில் யாரும் அந்த நோட்டைத் திறக்க மாட்டார்கள்.

அளவு எடுத்த உயரத்தையும் எழுத வேண்டும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். மார்பளவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் வனத்துறை வழக்கத்தில் அது 1.37 மீட்டர், சூழலியல் ஆய்வாளர்கள் பலருக்கு 1.3 மீட்டர். மேலே போகப் போகத் தண்டு மெலிகிற மரத்தில் இந்த வித்தியாசமே ஓர் ஆண்டு வளர்ச்சியை விழுங்கிவிடும். அளந்த இடத்தில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். ஆணியை முழுதாக அடித்து இறக்காதீர்கள், இரண்டு விரல் வெளியே நிற்கட்டும். நான் அன்று முழுக்க அடித்ததில் பல தகடுகளைப் பட்டை மூடி விழுங்கிவிட்டது. நாடா வைக்கும் கோட்டிலேயே ஆணி இருக்கவும் கூடாது, அந்த இடம் புடைத்துக்கொள்ளும்.

படமும் அப்படித்தான். எங்களிடம் ஆறு பாறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள், அதே பாறை மேல் நின்று, அதே திசையில் படம் எடுக்கிறோம். தேதி எழுதி வைத்தால் மறந்துபோகும். ஆடிப்பெருக்கை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் அட்டவணை காட்டிப் பேசியபோது கொட்டாவி விட்டவர்கள், இரண்டு ஆண்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

இனி, இரண்டாவது குழுவோடு நடந்த ஒரு சம்பவம். வெளிநாட்டிலிருந்து வந்து காட்டை அடைக்கும் உண்ணிச்செடி (லன்டானா) மண்டிக் கிடந்த பகுதியில் பன்னிரண்டு திட்டு போட்டோம். ஆறு திட்டில் செடியைப் பிடுங்கிப் புல் விதைப்பது, ஆறு திட்டை அப்படியே விடுவது. விட்டதையும் எடுத்ததையும் ஒப்பிட்டால்தான் மாற்றம் நம் வேலையால் வந்ததா, அந்த ஆண்டு மழையால் வந்ததா என்று தெரியும். இது ஆராய்ச்சியாளர்களுக்கு மூச்சு விடுவதுபோல இயல்பானது. அதனால் ஊரில் யாருக்கும் விளக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் நானும் விளக்கவில்லை. ஒரு வாரம் பேராசிரியர் ஊரில் இல்லாதபோது, எங்கள் ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் மிச்சமிருந்த திட்டுகளில் மூன்றைச் சுத்தமாகப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். "அக்கா, அளவு தெரியாம பாதிய விட்டுட்டுப் போயிட்டாங்க போல. கூலி வாங்கினா வேல முழுசா முடிக்கணும் இல்ல?" என்றான் ஒருவன். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நேர்மையாக உழைத்ததால் கெட்டுப்போன ஆய்வு அது.

பிறகு கூட்டம் போட்டபோது என் அத்தை ஒருவர்தான் அதை எல்லோருக்கும் புரிய வைத்தார். "புது உரம் வாங்குனா கேழ்வரகுக் கொல்லையில ஒரு பாத்திக்குப் போடாம விட்டுப் பாக்கறதில்லையா? அதே கததான்." அவ்வளவுதான். அதன்பின் அந்தத் திட்டுகளுக்கு ஊரில் 'விட்ட பாத்தி' என்று பெயர் வந்தது. ஆடு கூட உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆய்வு வடிவமைப்பை விளக்க வராதவர்கள், ஊரில் விவசாயம் செய்யும் ஒரு பெண்ணிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அவரிடம் அதற்கான சொல் ஏற்கெனவே இருக்கும்.

எதை மீட்டெடுக்கிறோம் என்ற கேள்வியில்தான் பெரிய உரசல் வந்தது. சூழல் மீட்டெடுப்புக்கான சர்வதேச சங்கம் 2016இல் தரநிலைகளை வெளியிட்டு, 2019இல் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தது. சம்பந்தப்பட்ட மக்களை ஈடுபடுத்துவதும், பல வகை அறிவையும் பயன்படுத்துவதும் அதில் முதல் இரண்டு கொள்கைகள். அடுத்தது, ஒரு மாதிரிச் சூழலை முன்வைத்து அதை நோக்கி வேலை செய்வது. அந்த மாதிரி எது என்பதில்தான் நாங்கள் முட்டிக்கொண்டோம். வெளியிலிருந்து வருபவர்களுக்குக் காடு என்றால் அடர்த்தி. எங்கள் சரிவுகளோ மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு, நடுவில் புல் நிற்கும் காடு. "இது வெட்டி அழிஞ்ச காடு இல்ல சார். எங்க தாத்தா காலத்துலயும் இப்படியேதான் நின்னது" என்று அப்பா சொன்னபோது, பேராசிரியர் முதலில் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பிறகு புல் வகைகளை எடுத்துப் பார்த்துவிட்டு அவரே திரும்பி வந்து அப்பாவிடம் பேசினார். ஊசிப்புல்லும் மற்ற மேய்ச்சல் புற்களும் வெயில் இல்லாமல் வளராதவை. அவை அங்கே காலங்காலமாக இருக்கின்றன என்றால் அந்தச் சரிவு நெடுங்காலமாகத் திறந்தே இருந்திருக்கிறது. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் நோக்கம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் புல் காட்டில் குழி தோண்டிக் கன்று நடுவதை மீட்டெடுப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆச்சாவிலும் அப்பா சொன்னதே சரியாக இருந்தது. நாற்றங்காலில் பையில் வளர்த்து நடுவது திட்டத்தில் எழுதியிருந்தது, அதற்கென்றே பணமும் ஒதுக்கியிருந்தார்கள். "பையில போட்டா வேர் சுருண்டுக்கும்மா. ஆச்சா முதல்ல பூமிக்குள்ள போற மரம். அப்புறம்தான் மேல வரும்" என்றார் அப்பா. இளம் ஆச்சா மேலே ஒரு சாண் நிற்கும்போது ஆணிவேர் அதைவிடப் பல மடங்கு ஆழம் போயிருக்கும். கோடையில் மேல்தண்டு காய்ந்து, மழைக்கு மறுபடி துளிர்க்கும். இப்படிச் சில ஆண்டுகள் செத்துச் செத்துப் பிழைத்துத்தான் அது மரமாகிறது. பையில் வளர்த்தவற்றில் பாதிக்கு மேல் முதல் கோடையிலேயே போயின. நேரடியாக விதைத்த இடத்திலும் எறும்பும் எலியும் தின்றதுபோக மிச்சம்தான் முளைத்தது, ஆனால் முளைத்தவை நின்றன. சித்திரை, வைகாசியில் இறக்கை வைத்த காய்கள் காற்றில் பறந்து விழும். அப்போதே பொறுக்கிவிட வேண்டும். எல்லா ஆண்டும் நன்றாகக் காய்க்காது என்பதால் நல்ல காய்ப்பு வரும் ஆண்டில் கூடுதலாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஜூலையில் பணம் வந்து, ஆகஸ்டில் விதை தேடினால் மரம் தராது. திட்டம் எழுதும்போதே மரத்தின் மாதங்களை எழுதிவிடுங்கள்.

அனுமதி வாங்குவதற்கும் இதே கணக்குதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டில் 2014இல் காவிரி வடக்கு சரணாலயமும், 2022இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நாங்கள் அதுவரை காத்திருக்காமல் ஊர்ப் பொது நிலத்தில் ஊராட்சித் தீர்மானத்தோடு வேலையைத் தொடங்கிவிடுகிறோம்.

மாடு பற்றிக் கேட்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அந்த உத்தரவு புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயங்கள் என்ற அளவுக்குத் திருத்தப்பட்டது. திருத்தம் வந்த செய்தி மலைக்கு வரவில்லை, தடை வந்த செய்தி மட்டும் வந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் குழுவின் மாணவர் ஒருவர், கையில் நோட்டோடு பட்டிக்குப் போய், "எத்தனை மாடு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். அடுத்த இரண்டு மாதம் எந்தப் பட்டிக்காரரும் எங்கள் முகம் பார்க்கவில்லை. என் சொந்தச் சித்தப்பா என்னிடம் பேசவில்லை. "நீ அவங்களுக்கு எழுதிக் குடுக்கற, நாளைக்கு அது யார் கைக்குப் போகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு எண்ணிக்கை கேட்பதையே விட்டுவிட்டோம். புல்லை அளக்கிறோம், சாணத்தை எண்ணுகிறோம், அதுவே போதுமானதாக இருக்கிறது. பட்டி இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி எந்த வரைபடத்திலும் வராது என்று ஊர்க் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம். யாருக்குப் பாதிப்பு வரலாமோ அவரிடம்தான் முதலில் போய் உட்கார வேண்டும். எதைப் பதிவு செய்கிறோம், அது எங்கே போகும், வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது, இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் முதல் கேள்வி.

உண்ணிச்செடிக்கு வருகிறேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு குழு உருவாக்கிய முறையைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். செடியை வெட்டினால் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு அடியில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் வெயிலில் காயும், துளிர் வராது. காய் பழுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். முதல் ஆண்டு பார்த்தால் வெற்றி என்றே தோன்றும், படமும் நன்றாக வரும். இரண்டாம் ஆண்டு மழைக்கு, சின்னான் குருவிகள் வந்து உட்காரும் மரங்களுக்கு அடியில் பச்சைப் பாய் விரித்ததுபோல உண்ணி நாற்று முளைத்திருக்கும். பழத்தைத் தின்று அவை எச்சமிட்ட விதைகள். அவற்றைக் கையால் பிடுங்கும் வேலை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலும் இருக்கிறது. அந்த வேலைக்கு எந்தத் திட்டத்திலும் நான் போதுமான பணத்தைப் பார்த்ததில்லை. இப்போது முதல் ஆண்டுப் பரப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கச் சொல்கிறேன். அறிக்கையில் ஏக்கர் கணக்கு குறைவாகத் தெரிகிறதே என்று தயங்குவார்கள். பிடிவாதமாக நின்றால் ஒப்புக்கொள்கிறார்கள்.

கூலியைப் பற்றி இரண்டு வரி. நிறுவனத்தில் நிதி தாமதமாகலாம், ஊரில் கூலி தாமதமாகக் கூடாது. சந்தை நாளுக்கு முந்தின மாலை காசு கையில் இருக்க வேண்டும். ஒருமுறை ஏழு வாரம் பாக்கி விழுந்து, நான் நகையை வைத்துக் கொடுத்தேன். அப்படிச் செய்ய வேண்டிய நிலை யாருக்கும் வர வேண்டாம். மூன்று மாதக் கூலியை முன்பணமாக உள்ளூர்க் குழுக் கணக்கில் போட்ட பிறகுதான் இப்போது வேலை தொடங்குகிறேன்.

ஊர் அறிவை ஆராய்ச்சி எப்படி மதிக்கலாம் என்பதற்கு ஆற்றுக்கு அந்தப் பக்கமே உதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன மலையில் சோலிகர் பழங்குடிப் பெரியவர்கள், கோடை தொடங்கும்போது சருகுக்கு இடும் மெல்லிய தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி பெருகியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்று சொல்லி வந்தார்கள். பெங்களூருவின் ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைக் கதையாகக் கேட்டுக்கொண்டு போகாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய கருத்தாக எடுத்துக்கொண்டார்கள். சோலிகர்களோடு சேர்ந்தே எழுதினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் எங்கள் காட்டில் தீ வைக்கக் கூடாது. அது அந்த மண்ணின், அந்த ஈரத்தின், அந்த மக்களின் அறிவு. நான் எடுத்துக்கொண்டது, பெரியவர் சொல்வதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே. கேரளத்தில் காணிக்காரப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து ஜீவனி மருந்து வந்தபோது, பாலோடு தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் தனக்கு வந்த பணத்தில் பாதியைப் பகிர முன்வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள அவர்கள் 1997இல் தங்களுக்கென ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். எங்கள் வேலையில் மருந்தும் இல்லை, லாபமும் இல்லை. ஆனாலும் தகவல் தந்தவர் பெயரைக் கட்டுரையில் எப்படிப் போடுவது, போடலாமா என்பதை அவரிடமே கேட்டு முதல் நாளே எழுதிக்கொள்கிறோம். அப்பா தன் பெயரைப் போடச் சொன்னார். சித்தப்பா வேண்டாம் என்றார். இரண்டையும் அப்படியே செய்தோம்.

போன ஆடியில் ஒரு போன் வந்தது. 2017இல் எனக்கு நாடா பிடிக்கக் கற்றுக்கொடுத்த அந்த மாணவி. இப்போது வேறு மாநிலத்தில் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். வீடு மாறும்போது பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்ததாம். அதில் களநோட்டின் பக்கங்களைப் போனில் எடுத்த படங்கள் இருந்தன. முழுசாக இல்லை, 38 பக்கம்தான். "அக்கா, அந்த மரங்க இன்னும் நிக்குதா?" என்று கேட்டார். அவர் குரல் உடைந்திருந்தது, எனக்கும் பேச்சு வரவில்லை.

மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு ஒரு கண்ணில் புரை, மெதுவாகத்தான் நடக்கிறார். 117ஆம் எண் மரத்தைக் கண்டுபிடித்துப் படத்தில் அந்த வரியைத் தேடினேன். என் கையெழுத்துதான். ஆச்சா, சுற்றளவு, பக்கத்தில் குறிப்பு: கிளைகள் கழிக்கப்பட்டுள்ளன. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மரத்தைத் தடவியபடி, "நான்தான் கழிச்சேன். அதுக்கு முந்தின ஐப்பசி, கார்த்தியில மழையே இல்ல. மாட்டுக்கு வேற தழ இல்லம்மா" என்றார். வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016ஆம் ஆண்டு அது. அந்தக் குறிப்பை எழுதியபோது கிளையைக் கழித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் வீட்டில் கேட்கவில்லை.

பெயின்ட் கோடு அழிந்திருந்தது. ஆணித் தழும்பை வைத்து உயரத்தைக் கணித்து, நாடாவைச் சுற்றினேன். ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார். கார்பன் தாளை நேராக வைத்து, பழைய அளவையும் அதன் கீழே புதிய அளவையும் எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் அப்பா சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். பிறகு 118க்கு நடந்தோம்.